ஓர் ஆங்கிலச் சொல் ‘தெரியும்’ என்று எப்போது சொல்லலாம்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. மேம்பட்ட ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு அடுக்கித் தரும் கையடக்கப் புத்தகம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பத்துச் சொற்களைப் பாடமாக்குவேன். அப்படிப் பிடித்த சொற்களில் ஒன்று ‘இன்டிஸ்போஸ்ட்’. எதிரே ‘உடல்நலம் குன்றிய’ என்று போட்டிருந்தது. ஒருநாள் காய்ச்சல் வந்தது. ‘சிக்’ என்று எழுதினால் சின்னப் பிள்ளை எழுதியது போல் இருக்குமே என்று நினைத்து, ‘ஐ ஆம் இன்டிஸ்போஸ்ட் டு அட்டென்ட் ஒஃபிஸ் டுமோரோ’ என்று எழுதிக் கந்தோருக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மேலதிகாரி கூப்பிட்டார். “தம்பி, வேலைக்கு வர மனமில்லை என்று எழுத்தில் தந்த முதல் ஆள் நீர்தான்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் கதிரையில் உட்கார முடியவில்லை.

அந்தச் சொல் தனியே நின்றால் உடல்நலக் குறைவு. அதன் பின்னால் ‘டு’ வந்து, ஒரு வினைச்சொல்லும் வந்துவிட்டால் ‘செய்ய மனமில்லாத’ என்று பொருள் திரும்பிவிடும். புத்தகம் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி நிறுத்திக்கொண்டது.

இப்போது மாலை வேளைகளில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வாரத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: “சேர், எத்தனை சொல் பாடமாக்கினால் போதும்?” மதில்களில் ஒட்டப்படும் வகுப்பு விளம்பரங்களும் இந்தக் கேள்விக்குத்தான் விடை விற்கின்றன. ஆறு மாதம், ஐயாயிரம் சொல் என்று ஏதோ ஒரு கணக்கு அவற்றில் இருக்கும். சொல் என்பது உண்டியலில் போடும் காசு, ஒன்று உள்ளே இருக்கும் அல்லது இருக்காது என்ற எண்ணம் கேள்வியிலும் இருக்கிறது, விளம்பரத்திலும் இருக்கிறது. அந்த எண்ணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

## காலை பஸ்ஸில் வரும் பயணி

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குக் காலையில் ஓடும் பஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடத்துநருக்குப் புதிய பயணி ஒருவர் ஏறுகிறார். முதல் நாள் முகம் மட்டும் பதியும். ஒரு வாரத்தில் அவர் களுவாஞ்சிக்குடியில் இறங்குபவர் என்று தெரிந்துவிடும். இன்னும் கொஞ்ச நாளில், அவர் யாரோடு சேர்ந்து வருவார், யார் பக்கத்தில் உட்காரமாட்டார் என்பதும் தெரியும். கந்தோருக்குப் போகும் நாளில் எப்படி இருப்பார், திருவிழாவுக்குப் போகும் நாளில் எப்படி இருப்பார் என்பது அதற்கடுத்த அறிவு. ஒருநாள் வேறொருவர் ஏறும்போது, மூக்கைப் பார்த்தே “இவர் அவருடைய தம்பி” என்று நடத்துநர் சொல்லிவிடுவார்.

ஒரு சொல்லை அறிவதும் இப்படித்தான் படிப்படியாக நடக்கிறது. அதன் எழுத்தும் ஒலியும் முகம். இறங்குமிடம் பொருள். அதோடு சேர்ந்து வரும் சொற்கள், அது பொருந்தும் இடம், அதன் உடன்பிறப்புகள் என்று மீதி இருக்கிறது. பட்டியல் புத்தகம் முகத்தையும் இறங்குமிடத்தையும் மட்டும் தரும். இறங்குமிடமும் பெரும்பாலும் ஒன்றுதான் தரப்படும். ‘இஷ்யூ’ என்றால் ‘பிரச்சினை’ என்று பாடமாக்கிய பிள்ளை, கடவுச்சீட்டில் ‘டேட் ஒஃப் இஷ்யூ’ என்பதைப் பார்த்தால் என்ன செய்யும்? அங்கே அது வழங்கிய திகதி. சஞ்சிகைக்காரருக்கு அதே சொல் இதழ். பழைய உயில்களில் அதற்குப் பிள்ளைகள் என்று பொருள்.

இங்கே ஒரு வேறுபாட்டுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். வாசிக்கும்போதும் கேட்கும்போதும் விளங்கும் சொல் ‘புரியும் சொல்’. நாமே பேசவும் எழுதவும் பிழையில்லாமல் எடுத்துக் கையாளும் சொல் ‘ஆளும் சொல்’. எந்த மொழியிலும் பொதுவாக முதலாவது இரண்டாவதைவிடப் பெரிது. தாய்மொழியிலும் அப்படித்தான். தேவாரம் கேட்டால் ஓரளவு விளங்கும், ஆனால் அந்தச் சொற்களைக் கொண்டு யாரும் மீன் விலை கேட்பதில்லை. என் விடுமுறைக் கடிதத்தில் நடந்தது, அரைகுறையாகப் புரிந்த சொல் ஒன்றை ஆளும் சொல்லாகப் பதவி உயர்த்தியது.

## எத்தனை இருக்கின்றன, எத்தனை வேண்டும்

ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989 இல் 20 தொகுதிகளாக வந்தது. அதைப் பார்த்து யாரும் மிரள வேண்டியதில்லை. பஸ்ஸில் தினமும் வரும் முகங்கள் கொஞ்சம்தான், வருடத்தில் ஒருமுறை வருபவர்கள்தான் ஏராளம். மொழியிலும் அதே கதை. ஒரு சொல் சாதாரண எழுத்திலும் பேச்சிலும் எத்தனை தடவை தலைகாட்டுகிறது என்ற கணக்கை ‘நிகழ்வெண்’ என்று சொல்வோம். ‘தி’ என்ற ஒற்றைச் சிறு சொல் மட்டும் ஆங்கில எழுத்தில் நூற்றுக்கு ஐந்தாறு இடங்களைப் பிடித்துக்கொள்கிறது.

சொற்களை எண்ணும்போது தனித்தனியாக எண்ணாமல் குடும்பமாக எண்ணுவது வழக்கம். நட, நடை, நடப்பு, நடத்தை, நடைமுறை ஆகியவை ஒரு கொடியில் வந்தவை. ஆங்கிலத்தில் ‘டிசைட்’, ‘டிசிஷன்’, ‘டிசைசிவ்’ ஆகியவையும் அப்படியே. இத்தகைய தொகுப்பின் பெயர் ‘சொற்குடும்பம்’. ஒன்று தெரிந்தால் மற்றவை எளிதாகும், ஆனால் தாமாக வந்துவிடா. ‘நட’ தெரிந்தவருக்கு ‘நடத்தை’யின் பொருளை ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953 இல் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்குடும்பங்களின் பட்டியலை வெளியிட்டார். வங்காளத்தில் பல ஆண்டுகள் கற்பித்தவர் அவர். அந்த 2,000 தெரிந்தால் பொதுவான ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 80 வீதம் கைக்குள் வந்துவிடும். நியூசிலாந்தின் அவரில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில், பல்கலைக்கழக நூல்களில் பாடத்துக்குப் பாடம் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். ‘எஸ்யூம்’, ‘இண்டிகேட்’, ‘எஸ்டாப்ளிஷ்’, ‘சிக்னிஃபிகன்ட்’ போன்றவை அதில் உள்ளவை. இந்த 570 மட்டும் பாடநூல் எழுத்தில் இன்னொரு 10 வீதத்தைத் திறந்துவிடும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ ஆங்கில மொழிமூலப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளை முதலில் தேட வேண்டியது இந்தப் பட்டியலைத்தான் என்பது என் கருத்து. அதில் பந்தா காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. அதனாலேயே யாரும் அதைத் தேடுவதில்லை.

80 வீதம் என்பது கேட்க நிறைவாக இருக்கிறது. 300 சொல் கொண்ட ஒரு கடிதத்தில் அதைப் பொருத்திப் பாருங்கள். 60 சொற்கள் தெரியாது. 95 வீதம் என்றால் 15 தெரியாது. 98 வீதம் என்றால் 6. போதாததற்கு, தெரியாத சொற்கள்தான் செய்தியைச் சுமப்பவை. “நேற்றுப் பெய்த மழையால் வட்டையில் … உடைந்து … அழிந்துவிட்டது” என்ற வசனத்தில் எட்டில் ஆறு சொல் தெரியும் (வட்டை என்றால் வயல்வெளி). உடைந்தது வரம்பா, அணைக்கட்டா? அழிந்தது பயிரா, வீடா? அதுதான் தெரியவில்லை. துணை இல்லாமல் ஒரு நாவலையோ பத்திரிகையையோ வாசிக்க 98 வீதம் தேவை. ஆட்பெயர், இடப்பெயர்களைத் தெரிந்தவை என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஏறத்தாழ 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நியூசிலாந்து மொழியியலாளர் போல் நேஷன் 2006 இல் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆக, ‘மேம்பட்ட சொல்வளம்’ என்று நாம் தேடுவது பெரும்பாலும் 2,000க்கும் 9,000க்கும் இடையில் கிடக்கிறது. ‘ரிலக்டன்ட்’, ‘ஸ்கேர்ஸ்’, ‘என்டோர்ஸ்’ போன்ற, பத்திரிகையில் வாரம் ஒருமுறையாவது தட்டுப்படும் சொற்கள் அவை. விளம்பரப் பட்டியல்களோ ‘செஸ்குவிபிடேலியன்’ போன்றவற்றைத்தான் தூக்கிப் பிடிக்கின்றன. அந்தச் சொல்லின் வேர்ப்பொருளே ‘ஒன்றரை அடி நீளமுள்ள’ என்பதுதான். அளவுநாடா வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் போலும்.

அபூர்வமான சொற்கள் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. ‘செரண்டிபிட்டி’, அதாவது தேடாமலே நல்லது ஒன்று கைசேர்வது, எனக்கு மிகவும் பிடித்த சொல். ஹொரஸ் வோல்போல் என்ற ஆங்கிலேயர் 1754 இல் ஒரு கடிதத்தில் அதை உருவாக்கினார். அதற்குள் இருக்கும் ‘செரண்டிப்’ நம் தீவின் பழைய பெயர்களில் ஒன்று. தெரிந்து வைத்திருப்பது இன்பம். சோதனைக் கட்டுரையில் அதை நுழைக்க இடம் தேடுவதுதான் வீண் வேலை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒரு சொல்லை அறிவது பல படிகளில் நடக்கும் காரியம். நிகழ்வெண் அதிகமுள்ள 2,000 குடும்பங்கள் அடித்தளம். அதற்கு மேல் 9,000 வரை இருக்கும் நடுத்தரச் சொற்களே மேம்பட்ட நிலை.

## சோறும் அன்னமும்

எங்கள் கோவில்களில் அன்னதானம் நடக்கும். சோறுதானம் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் “அன்னம் போடுங்கோ” என்று கேட்டால் அம்மா நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பார். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயக் குளத்து நீர், ஆடி அமாவாசையன்று தீர்த்தம். மட்டக்களப்பு வட்டைகளில் சூடடிக்கும் களத்தில் நெல்லை ‘நெல்’ என்று சொல்லாமல் ‘பொலி’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. களத்தை விட்டு மூட்டை ஆலைக்குப் போய்விட்டால் அது மீண்டும் நெல்தான். பொருள் ஒன்று, இடம் மாறினால் சொல் மாறுகிறது. இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மொழி உடை மாற்றிக்கொள்வதை ‘வழக்குநிலை’ என்று அழைப்போம்.

ஆங்கிலத்தில் இந்த மாற்றம் அளவுக்கு மீறி இருப்பதற்கு வரலாறு காரணம். 1066 இல் பிரான்சின் நோர்மண்டிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன்பின் நீண்ட காலம் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு இருந்தது. தேவாலயத்திலும் கல்வியிலும் லத்தீன் இருந்தது. வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலம் இருந்தது. மூன்றும் கடைசியில் ஒரே மொழிக்குள் வந்து குடியேறிவிட்டன. அதனால்தான் ஒரே வேலைக்குப் பல இடங்களில் மூன்று சொற்கள் நிற்கின்றன. கேட்பது என்பதற்கு ‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலம், ‘குவெஸ்சன்’ பிரெஞ்சு வழி வந்தது, ‘இன்டெரொகேட்’ லத்தீனிலிருந்து வந்தது. அம்மா பிள்ளையிடம் செய்வது முதலாவது. நிருபர் அமைச்சரிடம் செய்வது இரண்டாவது. பொலிஸ் நிலையத்தில் நடப்பது மூன்றாவது.

வகுப்பில் நான் அடிக்கடி காணும் தவறு இங்கேதான் பிறக்கிறது. மூன்றாவது சொல் நீளமானது, அதனால் அது ‘உயர்ந்த’ ஆங்கிலம் என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். கடைக்காரரிடம் தயிர்ச்சட்டி என்ன விலை என்று ‘இன்டெரொகேட்’ செய்ததாக ஒரு மாணவி எழுதியிருந்தாள். அந்தக் கடைக்காரரை நினைத்து நான் இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

## தடிமன் யாரைப் பிடிக்கிறது?

பஸ்ஸில் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சொற்களிலும் அப்படிச் சோடி உண்டு. நாம் பொய் ‘சொல்கிறோம்’, சத்தியம் ‘செய்கிறோம்’, கவிதை ‘புனைகிறோம்’. பொய் செய்தான், சத்தியம் புனைந்தான் என்றால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் காது ஏற்காது. இப்படி வழக்கத்தால் இணைந்த சொற்களின் உறவு ‘சொல்லிணக்கம்’. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடையாது. அந்த மொழிக்காரர் நெடுங்காலமாக அப்படிச் சொல்லி வருகிறார்கள், அவ்வளவுதான்.

சில இடங்களில் அதிர்ஷ்டம் நம் பக்கம் இருக்கும். நமக்குக் ‘கன’மழை, அவர்களுக்கு ‘ஹெவி’ ரெயின். நமக்குப் ‘பலத்த’ காற்று, அவர்களுக்கு ‘ஸ்ட்ரோங்’ விண்ட். பருவமழைக் காலத்தில் மொழிபெயர்ப்பாளருக்குச் சிரமமில்லை. மற்ற இடங்களில் தமிழ் காலை வாரிவிடும். நாம் குளிசை ‘போடுகிறோம்’, ஆங்கிலத்தில் ‘டேக்’. நாம் சோதனை ‘எழுதுகிறோம்’, பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘டேக்’ அல்லது ‘சிட்’. ஒரு விடயத்தைப் ‘பற்றி’ ஆலோசிக்கிறோம் என்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதிவிடுகிறோம். அந்த ‘அபவுட்’ ஆங்கிலத்தில் வேண்டாதது. சாயம் கூடிய தேநீர் ‘ஸ்ட்ரோங்’ ஆக இருக்கலாம், ‘பவர்ஃபுல்’ ஆக இருக்க முடியாது. கணினி ‘பவர்ஃபுல்’ ஆக இருக்கலாம்.

தடிமன் விடயம் எனக்கு எப்போதும் வேடிக்கை. இரு மொழியிலும் ‘பிடிப்பது’ என்ற வினைதான் வருகிறது. தமிழில் தடிமன் நம்மைப் பிடிக்கிறது, ஆங்கிலத்தில் நாம்தான் போய்த் தடிமனைப் பிடிக்கிறோம், ‘கேட்ச் எ கோல்ட்’. யார் குற்றவாளி என்பதில் இரு மொழிகளுக்கும் உடன்பாடில்லை.

என் ‘இன்டிஸ்போஸ்ட்’ கதையும் சொல்லிணக்கத்தில் விழுந்த ஓட்டைதான். சொல்லைப் பாடமாக்கினேன், அதன் பின்னால் யார் வந்து உட்காரக்கூடாது என்பதைக் கவனிக்கவில்லை. ஆகவே என் மாணவர்களுக்கு ஒரே ஒரு கட்டாய விதி வைத்திருக்கிறேன்: கொப்பியில் தனிச்சொல் எழுதக்கூடாது. அது எந்த வசனத்தில் வந்ததோ அந்த வசனத்தையே எழுத வேண்டும்.

## விஞ்ஞானப் பாடநூலில் கிடக்கும் சாவி

தமிழ் மொழிமூலம் படித்தவர்களுக்கு ஆங்கிலம் தூரம் என்று ஒரு புலம்பல் உண்டு. ஓரிடத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆங்கிலத்தின் நீளச் சொற்களில் பெரும் பகுதி கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. சொல்லின் உயிரான துண்டு ‘வேர்’, அதன் முன்னால் ஒட்டுவது ‘முன்னொட்டு’, பின்னால் ஒட்டுவது ‘பின்னொட்டு’. இங்கிலாந்துப் பிள்ளைக்கு ‘போட்டோசிந்தசிஸ்’ வாயில் நுழையாத ஓர் ஒலிக்கூட்டம். நம் பிள்ளை ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே அதை ‘ஒளித்தொகுப்பு’ என்று படித்துவிடுகிறது. ‘போட்டோ’ ஒளி, ‘சிந்தசிஸ்’ தொகுப்பு. கலைச்சொல்லை ஆக்கியவர்கள் கிரேக்கச் சொல்லை உடைத்து, துண்டுக்குத் துண்டு தமிழ் வைத்திருக்கிறார்கள். வெப்பமானி ‘தெர்மோமீட்டர்’. ‘தெர்மோ’ வெப்பம், ‘மீட்டர்’ மானி. உயிரியல் ‘பயோலொஜி’. ‘பயோ’ உயிர், ‘லொஜி’ இயல். இந்தத் துண்டுகளைக் கழற்றி வேறிடத்தில் மாட்டிப் பாருங்கள். ‘கிராபி’ எழுதுதல் என்று தெரிந்தால் ‘பயோகிராபி’ உயிர் வாழ்ந்த வரலாற்றை எழுதுவது. ‘ஓட்டோ’ என்றால் தன், தானே. ‘ஓட்டோகிராப்’ தன் கையால் எழுதியது. ‘ஓட்டோமொபைல்’ தானே நகர்வது. சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டி வரைக்கும் வந்துவிட்டோம்.

காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இந்தக் கலையை நன்கு அறிந்தவர். விஞ்ஞானம் கற்று, ஆங்கிலக் கவிதைகளைத் தமிழில் தந்து, 1930களில் தமிழ்நாட்டில் கலைச்சொல்லாக்கப் பணியிலும் ஈடுபட்டவர். ஒரு பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் ஆக்க வேண்டுமானால் அதைத் திறந்து உள்ளே பார்த்தே ஆக வேண்டும். அந்த உழைப்பின் பயன், அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்துக்குள் இன்றும் கிடக்கிறது.

இன்னொரு சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் 1628 இல் கோட்டை கட்டினார்கள், ஒல்லாந்தர் 1638 இல் அதைப் பிடித்தார்கள். இத்தீவில் அவர்கள் விட்டுப்போன சொற்களில் நாம் இன்னும் உட்கார்ந்திருக்கிறோம். கதிரை போர்த்துக்கேயச் சொல். அதன் பாட்டன், இருக்கை என்று பொருள்படும் ‘கதீட்ரா’ என்ற கிரேக்க, லத்தீன் சொல். அதே பாட்டனின் பேரன்தான் ஆங்கிலத்தின் ‘செயார்’. ஆயரின் இருக்கை இருக்கும் தேவாலயம் என்பதால் ‘கதீட்ரல்’. நான் அவமானத்தோடு நின்ற கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. அதற்கு மூலமான பிரெஞ்சுச் சொல், கணக்கிடுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. வங்கியின் ‘கவுண்டர்’, ‘எக்கவுண்ட்’, ‘கொம்பியூட்டர்’ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்.

ஓர் எச்சரிக்கை. வேர் ஊகிக்க உதவும், தீர்ப்புச் சொல்லாது. ‘இன்’ என்ற முன்னொட்டு பல இடங்களில் எதிர்மறை. அதை நம்பி, எரிபொருள் பவுசரில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைத் ‘தீப்பற்றாது’ என்று வாசித்துவிட்டுப் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தால் முடிந்தது கதை. அங்கே அந்த ‘இன்’ எதிர்மறை இல்லை. தீப்பற்றும் என்பதே பொருள்.

சுருக்கமாக: சொல்லுக்கு வழக்குநிலை என்ற உடை உண்டு, சொல்லிணக்கம் என்ற கூட்டாளிகள் உண்டு, வேர் என்ற பரம்பரை உண்டு. மூன்றும் சேர்ந்தால்தான் புரியும் சொல் ஆளும் சொல்லாகிறது.

## முறைத்தண்ணீர்

வயல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டியதே இல்லை. கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்களில் தண்ணீர் முறைவைத்து வரும். மூன்றரை மாதப் பயிருக்குத் தேவையான தண்ணீர் முழுவதையும் ஒரே இரவில் திறந்துவிட்டால் பயிரும் மிஞ்சாது, வரம்பும் மிஞ்சாது. நிலம் காயத் தொடங்கும் நேரம் பார்த்து அடுத்த தண்ணீர் விட வேண்டும்.

நினைவும் அப்படியே வேலை செய்கிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே பாடமாக்கித் தானே சோதித்து, 1885 இல் முடிவுகளை வெளியிட்டார். கற்றது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக உதிர்கிறது, பிறகு உதிரும் வேகம் குறைகிறது. மறக்கப்போகும் தறுவாயில் ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவந்தால் அடுத்த தடவை அது மெதுவாகவே உதிரும். இதைப் பயன்படுத்தி, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் மீட்டிப் பார்ப்பது ‘இடைவெளி மீட்டல்’.

இதற்குச் செலவில்லாத கருவி ஒன்று உண்டு. செபஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களின் தொடக்கத்தில் பரப்பியது. ஒரு சப்பாத்துப் பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். புதிய சொல்லின் அட்டை முதல் அறைக்குப் போகும். அந்த அறையைத் தினமும் பார்க்க வேண்டும். விடை சரியென்றால் அட்டை இரண்டாம் அறைக்கு நகரும், அதை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. எந்த அறையில் பிழைவிட்டாலும் அட்டை முதல் அறைக்கே திரும்பும். கைத்தொலைபேசிச் செயலிகளும் இதைத்தான் செய்கின்றன. எனக்குப் பெட்டிதான் பிடிக்கும், அதில் அறிவித்தல் மணி அடிப்பதில்லை.

அட்டையின் ஒரு பக்கத்தில் வெற்றிடம் விட்ட வசனம் இருக்கட்டும், மறுபக்கத்தில் சொல் இருக்கட்டும். மறுபக்கத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து இழுத்து வெளியே எடுக்கும் அந்தச் சிரமம்தான் சொல்லை வேரூன்ற வைக்கிறது. பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசித்தால் ‘இது தெரிந்ததுதானே’ என்ற மிதப்பு மட்டும் வரும்.

இனி அந்த முதல் கேள்விக்குக் கணக்கு. நாளுக்கு நான்கு புதிய அட்டைகள், வருடத்தில் 300 நாட்கள் என்றால் 1,200. 2,000 இலிருந்து 8,000க்குப் போக ஐந்து வருடம். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும், மதிலில் ஆறு மாதம் என்றல்லவா போட்டிருக்கிறது. ஆனால் அட்டை ஒரு வழி மட்டும்தான். வாசிப்பு மற்ற வழி, அதுதான் பெரிய வழியும்கூட. ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் வராத எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே விடயத்தை ஒரு வாரம் தொடர்ந்து வாசியுங்கள். கிரிக்கெட் தொடர் ஒன்றோ, புயல் எச்சரிக்கையோ, நெல் விலைப் பிரச்சினையோ எதுவாகவும் இருக்கலாம். ஒரு வாரத்தில் அதே இருபது சொற்கள் வெவ்வேறு கூட்டாளிகளோடு திரும்பத் திரும்ப ஏறி இறங்கும். அகராதியைத் திறக்காமலே பாதி முகங்கள் பழகிவிடும்.

## அந்தக் கடிதத்தை இன்று எழுதினால்

‘ஐ ஆம் நொட் வெல். ஐ வில் நொட் பி ஏபிள் டு கம் டுமோரோ.’ இவ்வளவுதான் எழுதுவேன். அடிப்படைச் சொற்களுக்கு வெளியே இதில் ஒரு சொல்லும் இல்லை. வேறுவிதமாகப் புரிந்துகொள்ளவும் வழியில்லை.

‘இன்டிஸ்போஸ்ட்’ என் சப்பாத்துப் பெட்டியில் ஐந்தாம் அறையில் இருக்கிறது, சரியான வசனத்தோடு: ‘தி மினிஸ்டர் இஸ் இன்டிஸ்போஸ்ட்.’ மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். எடுத்துப் பயன்படுத்தத்தான் இன்னும் ஓர் அமைச்சர் கிடைக்கவில்லை.